பத்து நிமிஷம் இருங்க

கண்ணாடிக் கடை முதலாளி போன் பண்ணினப்போ நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஈரப் போர்வையை உதறிக்கிட்டு இருந்தேன். "உங்க தம்பி பதினொரு நாளா வேலைக்கு வரலைம்மா. இருக்கானா இல்லையா, அதையாவது சொல்லச் சொல்லுங்க"ன்னார். லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னாடி ஒன்பது வருஷமா ஒரு நாள்கூட லேட்டா போய் நிக்காதவன் என் தம்பி. தினமும் காலையில எனக்கு 'நல்லா இருக்கேன் அக்கா'ன்னு செய்தி வேற அனுப்பிக்கிட்டு இருந்தான், திருட்டுப் பய. பயம் அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல வந்தது கோபம். எனக்கு எப்பவும் அதுதான் முதல்ல வரும்.

பகல் பன்னிரண்டரை மணி. அவன் இருக்கிறது பழைய கட்டடத்துல மூணாவது மாடி. லிப்ட் வேலை செஞ்சு எத்தனை வருஷமோ, கதவுக்குப் பின்னாடி யாரோ ஓட்டைச் சைக்கிளைச் சாத்தி வச்சிருக்காங்க. மூச்சு வாங்க ஏறி, என்கிட்ட இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் திரையை இடைவெளி தெரியாம துணிக் கிளிப் போட்டு மூடியிருந்தான். நான் வாங்கிக் கொடுத்த கிளிப். அடைச்சு வச்ச அறையோட வாடை, கழுவாத தட்டு வாடை. அதுக்கெல்லாம் மேல இன்னொரு வாசனை.

தைலம்.

என் தம்பிக்குத் தைலம் ஆகவே ஆகாது. சின்ன வயசுல நெத்தியில தடவினாலே வாந்தி எடுப்பான்.

கம்ப்யூட்டர் வெளிச்சத்துல உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தள்ளிக்கிட்டு. திரும்பிக்கூடப் பார்க்கல. திரையில அந்த விளையாட்டு.

ஒண்ணு சொல்லிடறேன். அந்த விளையாட்டை அவனுக்குக் காட்டினதே நான்தான். எட்டு மணி நேரம் அழுக்குத் துணியோட மாரடிக்கிறவ நான். அதுல போனா எனக்கு ஒரு வில்லு, ஒரு காடு, ஏறிப் போக ஒரு கொம்புமான். மலை உச்சியில நின்னு கீழே பனி மூட்டத்தைப் பார்த்தா, அடடா, முதுகுவலி எல்லாம் எங்கே போச்சுன்னே தெரியாது. அதுல எனக்கு வெட்கமும் கிடையாது. ஆனா ஒரு மணி நேரம்தான். அடுப்பு மேடையில முட்டை வடிவத்துல ஒரு மணி வச்சிருக்கேன். திருகிவிட்டா டிக் டிக்குனு ஓடி, நேரம் முடிஞ்சதும் கிணுகிணுன்னு அடிக்கும். அடிச்சா எழுந்துடுவேன். எதிர்ல டிராகனே வாயைத் திறந்துக்கிட்டு நின்னாலும் சரி.

நாங்க ஏழு பேர் ஒரு குழு. என் தம்பிதான் தலைவன். எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தரோட நிஜப் பேரும் இன்னொருத்தருக்குத் தெரியாது. அதுல அடிபட்டவங்களுக்கு மந்திரத்தால காயம் ஆத்துறவர் ஒருத்தர், வெள்ளை அங்கி போட்டவர். அவரை மருந்துக்காரர்னுதான் கூப்பிடுவோம். மத்தவங்க எல்லாம் என்னை அக்கான்னு கூப்பிட, அவர் மட்டும் வாய் நிறைய 'என்னம்மா, சரிம்மா'ம்பார். அவர் எழுந்துட்டா சண்டையில எல்லாரும் சாவோம். அதனால என் தம்பி ஒரு சட்டம் போட்டிருந்தான்: மருந்துக்காரர் கிளம்பணும்னா 'போகட்டுமா?'ன்னு கேக்கணும், மத்த ஆறு பேரும் 'போங்க'ன்னு சொன்னாத்தான் போகலாம். கிறுக்குச் சட்டம். நான் சிரிச்சேனே தவிர, வேண்டாம்னு சொல்லல.

"எழுந்திரு"ன்னேன்.

"முடியாது அக்கா."

"ஏன், கால்ல வேர் விட்டிருக்கா?"

ரகசியம் பேசற மாதிரி சொன்னான். "எழுந்தா பின்னாடி வர்றார்."

"எவன்டா பின்னாடி வர்றான்? பத்து நாள் குளிக்காதவன் பின்னாடி ஈதான் வரும்!" சட்டைக் காலரைப் பிடிச்சுத் தூக்கி, குளியலறைப் பக்கம் தள்ளினேன். தள்ளாடி நடந்தான். வெறுங்கால். தரையில பச்சக் பச்சக்குனு சத்தம்.

அதுக்கு ஒரு அடி பின்னாடி இன்னொரு சத்தம்.

தேய்ஞ்ச செருப்பு. சரக்... சரக்...

தம்பி நின்னான். அதுவும் நின்னுச்சு.

அவன் ரெண்டு அடி வச்சான். அதுவும் ரெண்டு அடி வச்சுது.

நான் இருந்த இடத்துலயே நின்னேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. ஆனா தைல வாசனை என் மூக்குக்கு நேரா வந்து, கடந்து, அவன் பக்கம் போச்சு.

"உட்கார்ந்தா நின்னுடும் அக்கா. அதான் உட்கார்ந்தே இருக்கேன்"னான். கண்ணுல தண்ணி. திரும்பி வந்து நாற்காலியில விழுந்தான். செருப்புச் சத்தமும் வந்து நாற்காலிக்குப் பின்னாடி நின்னுடுச்சு.

திரையைப் பார்த்தேன். அவனோட வீரன் ஒரு கோட்டை வாசல்ல நிக்கிறான். சரியா ஒரு அடி பின்னாடி வெள்ளை அங்கி. மருந்துக்காரர். கீழே பேச்சுப் பெட்டியில ஒரே வரி, மேலேர்ந்து கீழ வரைக்கும்.

போகட்டுமா?

போகட்டுமா?

போகட்டுமா?

"இவரை ஒரு மாசமா காணோமேடா. இவர் கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே? உனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவன் மேஜையோரத்துல இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான். உள்ளே பழைய ஹெட்போன், காது மெத்தை கிழிஞ்சு, தைல நாத்தத்தோட. கூட ஒரு கடிதம். போன வருஷம் குழுவுல எல்லாருக்கும் இவன் விலாசம் மட்டும் வாங்கி, பெருமையா ஒரு பீங்கான் கப் அனுப்பினான். அந்தப் பார்சல்ல இருந்த விலாசத்தைப் பார்த்து யாரோ அனுப்பியிருக்காங்க. கடிதத்துல இவ்வளவுதான் எழுதியிருந்துச்சு:

'இந்த ஹெட்போன் போட்டிருந்தவரோட மனைவி நான். எட்டு மணி நேரம் பஸ் ஓட்டிட்டு வந்து, என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாம உங்களோடதான் உட்காருவார். அன்னைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாரா, எனக்குத் தெரியாது. என்கிட்ட சொல்லலை. நான் வேலை முடிஞ்சு வந்து பார்க்கும்போது உடம்பு சில்லிட்டிருந்துச்சு. நீங்க எல்லாரும் காதுக்குள்ள இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருந்தீங்க. இனிமே இவரை நீங்களே வச்சுக்குங்க.'

அந்த அம்மா எழுதினதுல ஒரு எழுத்து தப்புன்னு சொல்ல முடியுமா?

"அவர் சொன்னாரா? நெஞ்சு வலின்னு?"

"சொன்னார்." தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "போகட்டுமான்னு கேட்டார். டிராகன் பாதி செத்திருந்துச்சு அக்கா. பத்து நிமிஷம் இருங்கன்னேன். சரி தம்பின்னு, என் வீரனைத் தானாப் பின்தொடரற பட்டனை அமுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அதை அமுக்கினா கையை எடுத்துட்டாலும் நாம போற இடமெல்லாம் பின்னாடியே வருவாங்க இல்ல... ரெண்டரை மணி நேரம் வந்தார். மருந்து போடலைன்னு... நான் கண்டபடி திட்டினேன். தூங்கு மூஞ்சின்னு எல்லாரும் சிரிச்சாங்க."

பளார்னு ஒண்ணு விட்டேன். அவன் தடுக்கல. அன்னைக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம், நானும் அந்தச் சண்டையில இருந்தவதான். அவர் 'போகட்டுமா?'ன்னு கேட்டதை நானும்தான் பார்த்தேன். என் முட்டை மணி அடிச்சுது. ஒழுங்கான பொம்பளை இல்லையா நான்? பதில் சொல்லாம எழுந்து போயிட்டேன்.

அந்தக் கோபத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? நாற்காலிக்குப் பின்னாடி இருந்த வெத்திடத்தைப் பார்த்துக் கத்தினேன். "நீங்களும்தான்யா! நெஞ்சு வலிச்சா எழுந்து போக வேண்டியதுதானே? நாங்க யாரு உங்களுக்கு உத்தரவு கொடுக்க? பெத்தவங்களா, பெரியவங்களா? முகம்கூடத் தெரியாத ஆறு பேரு! பொண்டாட்டிகிட்ட சொல்ல வேண்டியதை எங்ககிட்ட வந்து கேட்டீங்களே, உங்களுக்கு அறிவு வேண்டாம்?"

அப்போ அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து, கிழிஞ்ச காது மெத்தையில இருந்து, மெல்லிசா, ரொம்ப மரியாதையா ஒரு குரல்.

"போகட்டுமா?"

ஹெட்போன் ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். முனை என் கையோட வந்துச்சு. எதுலயும் சொருகியே இல்ல.

அப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு. தம்பி தோளைப் பிடிச்சுக்கிட்டேன். "சொல்லுடா. போங்கன்னு சொல்லு."

"சொன்னா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு ஆயிடும்ல அக்கா?"

"ஆமா, ஆகும். அதைச் சுமந்துக்கிட்டுத்தான் இனி நீ வேலைக்குப் போகணும், திங்கணும், தூங்கணும். சொல்லு."

"போங்கண்ணே"ன்னான். "போங்க. நான்தான் தப்பு. போயிடுங்க."

திரையில வெள்ளை அங்கி திரும்புச்சு. கோட்டை வாசலைத் தாண்டி நடந்து, ஒரு தடவை நின்னு பார்த்துட்டு, மறைஞ்சு போச்சு. அறைக்குள்ள செருப்புச் சத்தம் வாசக்கதவு வரைக்கும் போய் நின்னுச்சு. நான் போய்க் கிளிப்பை எல்லாம் பிடுங்கிப் போட்டு ஜன்னல் திரையைத் திறந்தேன். வெயில் வந்து அவன் மூஞ்சில விழுந்துச்சு. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அவன் இப்போ வேலைக்குப் போறான். கொஞ்சம் சதை போட்டிருக்கான். விளையாட்டை அழிச்சுட்டான். அந்த ஹெட்போனை அவன் வீட்ல வைக்கவும் மனசு வரல, அந்த அம்மாவுக்குத் திருப்பி அனுப்பவும் முகம் இல்ல. துணியில சுத்தி என் பீரோ மேல போட்டேன்.

இதுக்கப்புறமும் நீ ஏன் விளையாடினேன்னு கேப்பீங்க. ஏன் விளையாடக் கூடாது? கத்தி விரலை வெட்டிடுச்சுன்னா சமைக்கிறதையே விட்டுடுறோமா? எனக்குத்தான் மணி இருக்கே. எனக்குத்தான் கட்டுப்பாடு இருக்கே. இப்படித்தான் திமிரா நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை சாயங்காலம். மணியைத் திருகி வச்சுட்டு உட்கார்ந்தேன். மூணு ஓநாய் என்னைச் சுத்தி வளைச்சுடுச்சு. உசுரு நூல்ல தொங்குது, அம்பு நாலே நாலு. வேர்த்துக் கொட்டுது, ஆனா சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்போ பேச்சுப் பெட்டியில யாரோ என்னமோ கேட்டாங்க. ஓரக்கண்ணால பார்த்தும் பார்க்காம விரல் தானா அடிச்சுடுச்சு.

'பத்து நிமிஷம் இருங்க.'

உடனே பதில் வந்துச்சு.

'சரிம்மா.'

ரெண்டு ஓநாய் செத்துருந்துச்சு. அந்த வார்த்தையைப் பார்த்ததும் என் கை நின்னு போச்சு. மூணாவது வந்து என் மேல பாய்ஞ்சுது. நான் சாகல. எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்து என் காயத்தை எல்லாம் ஆத்துச்சு.

மேலே இருந்த வரியை அப்போதான் படிச்சேன்.

போகட்டுமா?

'போங்க போங்க'ன்னு அடிச்சேன். 'தெரியாம சொல்லிட்டேன் அய்யா, போயிடுங்க'ன்னு நாப்பது தடவை அடிச்சேன். பதிலே இல்ல. என் பின்னாடி, ஒரு அடி தள்ளி, வெள்ளை அங்கி பேசாம நின்னுச்சு.

ராத்திரியே மத்த நாலு பேரையும் பிடிச்சுக் கேட்டேன். இந்த ரெண்டு வாரத்துல அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அவர் வந்திருக்கார். நடுங்கிப் போய் நாலு பேரும் 'போங்க'ன்னு அனுப்பிட்டாங்க. தம்பியோட சேர்த்து அஞ்சு. சட்டப்படி ஆறு பேர் சொல்லணும். ஆறாவது ஆள் நான். என் ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்திருக்கு. அவர் அதையும் வாங்கிட்டு வீட்டுக்குப் போகத்தான் வந்திருக்கார்.

ஊருக்குத்தான் உபதேசம். தம்பியை அறைஞ்ச அதே கை.

நான் இப்போ விளையாடறது இல்ல. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியாச்சு. சலவைக்கூடத்துல நடந்தா, ஈரத் தரையில என் செருப்புக்கு ஒரு அடி பின்னாடி இன்னொரு செருப்பு கேக்குது. கூட வேலை செய்யறவங்க, "என்னக்கா, தைலம் தடவியிருக்கீங்களா? தலைவலியா?"ன்னு கேக்கறாங்க. தினமும் வெத்திடத்தைப் பார்த்து 'போங்க'ன்னு சொல்றேன். கெஞ்சிச் சொல்றேன், திட்டியும் சொல்றேன். அவருக்குக் கேக்கல. அவர் நான் சொன்ன பத்து நிமிஷம் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கார்.

முட்டை மணியை நான் எத்தனை தடவை திருகி வச்சாலும், டிக் டிக்குனு சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. முள் பத்துலயே நிக்குது.