மூன்று குதிரைவலு பம்ப்

காந்தத் தும்பி பச்சை காட்டினால் காணியில் கால் வைக்கலாம். சிவப்பு காட்டினால் வேலிக்கு வெளியேதான். வன்னியில் இப்போது இதுதான் சட்டம். மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைப் பறந்தபடியே மோப்பம் பிடிக்கும் அந்தச் சின்ன இயந்திரத்துக்கு, அது கண்ணிவெடியா மண்வெட்டியா என்று மட்டும் தெரியாது. தோண்டிப் பார்க்க ஆள் வர மூன்று வருடம் ஆகும்.

அதனால் ஒரு வழி வைத்தார்கள். இடம்பெயர்ந்த நாட்களில் சனங்கள் தையல் மெசினையும் பம்பையும் புதைத்துவிட்டுத்தானே ஓடினார்கள்? சிவப்புப் புள்ளி தன் பொருள்தான் என்று காணிக்காரர் கையெழுத்து வைத்தால் அது பச்சையாகும். அதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் புள்ளி எந்தப் பொருள் என்று தும்பியும் படித்துக்கொள்ளும்.

தவமலருக்குப் பம்ப் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முகாம் தகரத்துக்குள் வெந்து கிடந்த எரிச்சலில், தன் காணியில் விழுந்த சிவப்புப் புள்ளிக்கு 'மூன்று குதிரைவலு பம்ப்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீடும் கட்டினார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் புள்ளி இருந்த மூலையை அவர் இன்றுவரை கூட்டுவதில்லை.

இன்று காலை மகள் கௌசிகாவின் புதுக் காணியில் அத்திவாரம் வெட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். தவமலர் காணியின் சான்றிதழை வாங்கி இரண்டு தரம் படித்தார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்! யாரையும் கேட்காமல் தும்பி தானாகவே எழுதியிருந்தது: மூன்று குதிரைவலு பம்ப், அபாயமில்லை. அது போன வருடம்வரை காடாகக் கிடந்த நிலம். காட்டுக்குள் எந்த மடையன் பம்ப் புதைப்பான்?

ஒரு மணி நேரம்தான் பொறுப்போம் என்றார்கள் வேலையாட்கள். தவமலர் தும்பி அலுவலகத்துக்கு ஓடினார்.

தும்பியை இயக்கும் டிலக்சன் சிரித்தான். நானூறு பேர் பம்ப் என்று சொல்லித்தான் அது படித்தது, பிழை விடாது என்றான். தவமலர் வெட்கத்தை விட்டார்.

"தம்பி, நான் சொன்னது பொய். எங்களிட்டப் பம்பே இருக்கேல்லை."

அவன் சிரிப்பு நின்றது. கௌசிகாவின் காணியைச் சிவப்பாக்கி, வேலையை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினான். அதன் பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மற்ற ஆக்கள் உண்மை சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சுத்தான், அம்மா, நானும் என்ர காணிக்குப் பம்ப் எண்டு எழுதிக் குடுத்தனான்."

போனை எடுத்து மனைவியை அழைத்தான்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள போ. நான் வருமட்டும் வளவுக்குள்ள இறங்காதை."