அத்தை பேரில் வந்த ஸ்பீக்கர்கள்

வயலின் தேய்ந்து தேய்ந்து, வில்லில் இன்னும் ரோமம் மிச்சமிருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெலிந்து, பியானோ தன் முறைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த இடத்தில், யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

டிபேரியு இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினான். அறை அமைதியானது. ஜன்னலுக்கு வெளியே டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி கலாட்ஸ் நகரத்தின் தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டிலிருந்து, எல்லா வீட்டுப் பீப்பாய்களிலும் புளித்துக்கொண்டிருந்த முட்டைக்கோஸின் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. ஊசியை மறுபடி வைத்தான். அதே இடம். அதே மூன்று.

இருபது வருடமாக அவனிடம் இருக்கும் இசைத்தட்டு அது. மனைவி பிரிந்து போகும்போது நல்ல கம்பளத்தை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போனாள். அவனுக்கு அது லாபமாகவே பட்டது. இந்தத் தட்டில் ஒரு நாளும் யாரும் தட்டியதில்லை.

‘நல்ல ஸ்பீக்கர்,’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ‘நல்ல ஸ்பீக்கர் வந்தால் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கும்.’ அப்படித்தான் ஜெலு சொல்லியிருந்தான்.

ஜெலு ஞாயிற்றுச் சந்தையில் பழைய ரேடியோக்களை விற்பவன். இலையுதிர் காலத்தில் டிபேரியு அவன் கடை முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருந்தான்.

“இருக்கிற காசுக்கு ஒண்ணுதான்டா முடியும். ஆம்ப்ளிஃபயரை மாத்தவா, ஸ்பீக்கரை மாத்தவா?”

“முதல்ல வீட்டை மாத்து. அந்த சிமெண்ட் டப்பாக்குள்ள என்னத்த வெச்சாலும் தகரம் மாதிரிதான் கேக்கும்.”

“விளையாடாத.”

“ஸ்பீக்கர்தான். ஆம்ப்ளிஃபயரை மாத்தினா உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்பீக்கரை மாத்தினா கீழ் வீட்டு அத்தைக்கும் தெரியும்.”

“அவங்களுக்கு இப்பவே நல்லாத் தெரியுது. வாரத்துக்கு ரெண்டு தடவை குழாயைத் தட்டுறாங்க.”

“அப்ப நீ நல்ல ரசிகன்தான் போ.” ஜெலு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கனத்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்தான். “நல்ல ஸ்பீக்கர் இப்ப எங்கிட்ட இல்ல. அதுவரைக்கும் இதைக் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் வெச்சுப் பாரு. பிடிச்சா காசு, பிடிக்கலைன்னா பெட்டி. குமிழ் மட்டும் கொஞ்சம் இறுக்கம். திருப்பும்போது நறநறங்கும்.”

அன்று மாலை டிபேரியு வீட்டுச் செருப்போடு அறைக்கும் சமையலறைக்கும் நடந்து, அங்கே நின்று கேட்டால் எப்படி, இங்கே நின்று கேட்டால் எப்படி என்று பரீட்சை செய்துகொண்டிருந்தபோதுதான் வெந்நீர்க் குழாய் தட்டப்பட்டது. அந்தக் கட்டடங்களில் கீழிருந்து மேல்வரை எல்லா வீட்டையும் துளைத்துக்கொண்டு போகும் குழாய் அது. அதைத் தட்டினால் ஒரே அர்த்தம்தான்: சத்தத்தைக் குறை. குழந்தைக்கும் தெரியும். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று.

அவன் குமிழைக் கூட்டினான். நற.

தட்டு நிற்கவில்லை. இன்னும் கூட்டினான். இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாதி ஓடியபிறகு, தட்டு மெலிந்தது. பிறகு இரண்டாயிற்று. பிறகு ஒன்று. பிறகு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். ஒரு சின்னக் கிளாஸ் பிளம் சாராயம்கூட ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் கீழ் வீட்டு லியொன்டீனா அத்தையை அவர் சமையலறைத் தரையில், ரேடியேட்டர் பக்கத்தில், கையில் கரண்டியோடு கண்டெடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது; உயிர் போயிருந்தது. குழாய்ச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்டிருந்தது. டிபேரியுவின் பாட்டுக்காகத்தான் யாரோ தட்டுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அத்தையின் மகள் ஒட்டிலியா இத்தாலியில் வேறு யாருடைய தாயையோ குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துச் சம்பாதிப்பவள். நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்தாள். கோவிலில் ஆசீர்வதித்த கோதுமைப் பொங்கலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். பின்னால் இரண்டு ஆட்கள், ஆளுக்கொரு ஸ்பீக்கர். கப்பல்காரரான அவள் அப்பா எந்தத் துறைமுகத்திலோ வாங்கியது; ஜெலு பார்த்தால் தொப்பியைக் கழற்றியிருப்பான்.

“அம்மா பேர்ல உங்களுக்குக் கொடுக்கிறேன், மாமா. உங்க பாட்டு அவங்களுக்கு உசுரு. போன்ல சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

“ஆனா... அடிக்கடி தட்டுவாங்களேம்மா.”

“அது கொஞ்சம் கூட்டச் சொல்லித்தான். காது மந்தம்ல, தெரியாதா?” சிரித்தாள், கண் சிரிக்கவில்லை. “மாமா, அன்னைக்கு சாயங்காலம் அம்மா கூப்பிட்டாங்களா? உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?”

டிபேரியு கிண்ணத்தைப் பார்த்தான். பொங்கல் மேல் சர்க்கரையால் போட்ட சிலுவை ஒரு பக்கம் கலைந்திருந்தது.

“இல்லம்மா. ஒண்ணும் கேக்கல.”

பிறகு, தானம் வாங்குகிறவன் சொல்லவேண்டிய வார்த்தையை அவனும் சொன்னான்: “கடவுள் அவங்களுக்கு மன்னிப்பு கொடுக்கட்டும்.”

செத்தவர் பேரில் கொடுக்கும் பொருள் மறு உலகத்தில் அவருக்கும் போய்ச் சேரும். கிண்ணம் கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு கிண்ணம், போர்வை கொடுத்தால் போர்வை. யாரும் இதை நம்புவதாகச் சொல்வதில்லை. யாரும் கொடுக்காமல் விடுவதுமில்லை. ஆக, அத்தையிடமும் இப்போது ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது.

மிச்சமான காசை ஜெலுவிடம் கொடுத்து ஆம்ப்ளிஃபயரைத் தனதாக்கிக்கொண்டான் டிபேரியு. ஒட்டிலியா கீழ் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போது, இந்த மூடுபனி இரவில், அவன் வேறொரு இசைத்தட்டைப் போட்டான். நாட்டுப்புறக் குழல். பாட்டு மூச்சுவிடும் இடத்தில், மூன்று. ரேடியோவுக்கு மாற்றினான். செய்தி வாசிப்பவர் கமாவில் நின்றார். மூன்று. ஆம்ப்ளிஃபயரை அணைத்தான், பச்சை விளக்கு மெல்ல, மனமில்லாமல் அணைந்தது.

மூன்று.

ஒயர்களைப் பிடுங்கினான். பாம்புகளைப் போல அவை தரையில் சுருண்டன. ஸ்பீக்கர்கள் இப்போது வெறும் மரப்பெட்டிகள்.

மரப்பெட்டிகள் தட்டின.

மண்டியிட்டு, ஸ்பீக்கரின் முகத்துணியில் காதை வைத்தான். துணி குளிர்ந்திருந்தது. வெங்காயமும், ஈரத்தரையும், ரொம்ப நேரம் கிடந்த உடம்பும் கலந்த வாடை வந்தது. முதலில் மூச்சு. மிக அருகில், மேலும் கீழுமாக, இழுத்து இழுத்து. அதற்கப்பால், தூரத்தில், வயலின். அவனுடைய இசைத்தட்டுதான். ஆனால் கூரை வழியாக வடிந்து, மங்கி, தரையில் மல்லாந்து கிடக்கும் ஒருவருக்கு எப்படிக் கேட்குமோ அப்படி. கரண்டி இரும்பில் பட்டது. மூன்று. மேலே செருப்புகள் நடந்தன. சரக், சரக். அவனுடைய செருப்புகள். நின்றன.

நற.

வயலின் உரத்தது.

“அத்தை,” என்றான். “கேட்டுச்சு அத்தை. எனக்குக் கேட்டுச்சு.”

மூச்சு நின்றது. எல்லாமே நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல, பெட்டிக்குள் ஒரு அமைதி.

எழுந்தான். கதவு. படிக்கட்டு. யார் வீட்டுக்காவது. முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் எந்த வீட்டுக்காவது. கால் ஒயரில் சிக்கியது. இடுப்பு ரேடியேட்டரின் விளிம்பில் மோதியது. உள்ளே ஏதோ காய்ந்த குச்சி போல ஒடிந்தது.

கத்தினான். கத்தல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

தரை. குளிர். கை நீட்டினால் குழாய். ரேடியேட்டர் விளிம்பில் கோதுமைப் பொங்கல் கிண்ணம், அதில் ஒட்டிக் காய்ந்த கரண்டி.

கரண்டியை எடுத்தான். கீழே பூட்டிய வீடு. மேலே வீடே கிடையாது. அவனுடையதுதான் கடைசி மாடி. அதற்கு மேல் தார் பூசிய கூரை, பனி, புறாக்கள்.

தட்டினான். மூன்று. இடைவெளி. மூன்று.

காத்திருந்தான்.

கூரைக்கு மேல், செருப்புகள். சரக். சரக். சாவதானமாக. அவன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றன.

நற.