அடர்நீலம்

காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியதும் நெடுங்கழி நகரின் தெருக்கள் வழக்கம்போல் மூடப்பட்டன. இனி மாலை ஐந்துவரை வெயிலில் யாரும் நடமாடக்கூடாது. குளிராடை அணிந்த அரசு ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இசக்கியம்மாள் அரசு ஊழியர்.

இயற்கைப் பயன் வரைபடப் பிரிவில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். அரிசி அளவே உள்ள உணர்வண்டுகள் என்னும் பறக்கும் கருவிகளை ஏவிவிடுவாள். அவை மரத்திலும் குட்டையிலும் உட்கார்ந்து, எது எவ்வளவு வெப்பத்தைத் தணிக்கிறது, எவ்வளவு வெள்ளத்தை உறிஞ்சுகிறது என்று அளந்து அனுப்பும். பயன் மிகுந்த இடம் வரைபடத்தில் நீலமாக விழும், பயனற்றது சிவப்பாக. நகரம் முழுக்கச் சிவப்பு.

கழிமுகத்தில் மிஞ்சியிருந்த அலையாத்திக் காடு மட்டும் அடர்நீலம். அதன் இடுப்பளவு சேற்றில் பதினொரு மாதம் உழன்றாள். இரண்டு முறை காய்ச்சலில் விழுந்தாள்.

"யாரு பாக்கப் போறா இந்த மேப்ப?" என்று கணவன் செல்வின் சலித்துக்கொண்டான்.

"அந்தக் காட்டுக்குன்னு பேச வேற யாரு இருக்கா?" என்றாள்.

நகர்மன்றத் திரையில் வரைபடம் விரிந்தது. காட்டுக்குள் வெப்பம் எட்டு டிகிரி குறைவு. புயல் அலை அங்கே பாதியாக அடங்கிவிடுகிறது. காற்றில் தூசியே இல்லை. தலைவர் ராஜபுஷ்பம் எழுந்து நின்று கைதட்டினார். இசக்கியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் வரைபடத்தை ஒருவர் கடைசிவரை பார்த்தது இதுதான் முதல்முறை.

"இவ்வளவு நல்ல எடத்த வச்சுக்கிட்டு நாம இங்க வெந்துக்கிட்டு கெடக்கோமே!" என்ற தலைவர் பொறியாளரிடம் திரும்பினார். "அங்க எத்தன வீடு கட்டலாம்?"

"காட்ட வெட்டிட்டா நாலாயிரம் வரும்மா."

இசக்கியம்மாள் பதறி எழுந்தாள். "அம்மா, அந்தக் குளிர்ச்சி எடத்தோடது இல்ல. மரத்தோடது."

"அது தெரியாதா எங்களுக்கு? வீட்டுக்கு ரெண்டு தொட்டிச் செடி கட்டாயம்னு போட்டுருவோம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இசக்கியம்மாள் குளிராடையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலுக்கு வந்தபோது எழுத்தர் ஒருவர் பின்னால் ஓடிவந்தார்.

"அக்கா, மேப் போட்டவங்களுக்குத்தான் மொத வீடாம். பேர எழுதிரட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கண்ணாடிக் கதவு விலகி, வெளியிலிருந்த அனல் முகத்தில் அறைந்தது.

"கடலப் பாத்த வீடா கெடைக்குமா?" என்று கேட்டாள்.