மூன்றாவது ஹெல்மெட்

ஹெல்மெட்டின் உள்பஞ்சு சூடாக இருந்தது. மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிய பிறகுதான் குணா அதைக் கவனித்தான். மழைக்கு ஒதுங்கிய கால் மணி நேரமும், கவரைப்பேட்டை மேம்பாலத்தடியில் ஒரு சிமெண்டுத் திட்டின்மேல் சாரலில் கிடந்த ஹெல்மெட். குளிர்ந்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடியலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு வரை பைக் ஓட்டிப் போவதென்று ஒரு வாரமாகத் திட்டம். மாசிக் காலை ஏமாற்றவில்லை. தொழிற்பேட்டை தாண்டும்வரை பனி, பிறகு இளவெயில், திடீரென்று மழை, இப்போது மறுபடி வெயில். நனைந்த சட்டைக்குள் காற்று புகும்போது காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"மாசி மாசத்துல மழை! வானத்துக்கே லூசு புடிச்சிகிச்சுடா!" என்று முன்னால் போன எபினேசர் கத்தினான். குணாவோடு ஒரே கம்பெனியில் வேலை செய்பவன்.

பொன்னேரி சாலையில் திரும்பியதும் நாற்றம் எழுந்தது. புளித்துப் பொங்கிய மாவும், எண்ணெய்ப் பிசுக்கேறிய தலைமுடியும், சொத்தைப் பல்லைக் குத்திய குச்சியும் ஒன்றாக ஊறிக் கிடந்ததுபோல ஒரு நாற்றம். குணா ஒவ்வொன்றாக யோசித்தான். பாதுகாப்பு வாரத்தில் கம்பெனி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு ஹெல்மெட் கொடுத்திருந்தது. அவசரத்தில் எபினேசருடையதை எடுத்திருக்கலாம். அல்லது இது தன்னுடைய நாற்றமேதானோ? இத்தனை நாளும் யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்களோ?

பஞ்சு கன்னத்தில் வழுவழுவென்று நகர்ந்தது.

உதட்டில் ஒரு முடி. நீளமான முடி. துப்பினான். இன்னொன்று வந்தது.

வயலோரமாக நிறுத்தினான். எபினேசர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, பெட்ரோல் தீந்துச்சா?"

"ஹெல்மெட் மாறிப்போச்சு. ஒன்னுதுதான் என்னாண்ட கீது. நாறுதுடா."

எபினேசர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே காட்டினான். ஸ்கெட்ச் பேனாவில் அவன் பெயர். "பாத்துக்கோ, என்னுது என்னாண்டதான் கீது. நீ மொதல்ல பல்லு வெளக்குனியா? அப்பால நாஷ்டாவுக்குப் போலாம்."

குணா தாடைக்குக் கீழே கொக்கியைத் தேடினான். அங்கே கொக்கி இல்லை. மெத்தென்று ஈரமாக ஏதோ இருந்தது. அழுத்தினான். அது அவன் விரலைச் சப்பியது.

"கய்ட்ட வரலடா."

"சும்மா வெளாடாத." எபினேசரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது. "டேய், நாம ரெண்டு பேருதான. திட்டு மேல மூணு இருந்துச்சே? எவனோ மறந்துட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். நீ எத எடுத்த?"

குணா ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கிவிடப் பார்த்தான். அது அசையவில்லை. உள்ளே ஆவி படிந்து சாலை மறைந்தது. தன் மூச்சுதான், வேறென்ன. சோதித்துப் பார்த்துவிடலாம்.

மூச்சை அடக்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆவி விலகியது.

நான்கு. ஐந்து.

மீண்டும் படிந்தது. விலகியது. படிந்தது. நிதானமாக. சூடாக.

எபினேசர் கண்ணாடியருகே குனிந்து உள்ளே பார்த்தான். பின்வாங்கினான். வயல் சேற்றில் கால் இடற மண்டியிட்டு வாந்தியெடுத்தான்.

குணாவின் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவே கூடாது.

இடது கன்னத்தை உரசிக்கொண்டு, வெள்ளை மாவு படிந்த சாம்பல் நிற நாக்கு ஒன்று நீண்டது. கண்ணாடியின் ஆவியை ஓரம் முதல் ஓரம் வரை மெதுவாக நக்கித் துடைத்தது. வெயிலில் நெல்வயல் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு அது அவன் உதடுகளின் பக்கம் திரும்பியது.