மந்திரவாதியைத் தொடாதே!

மார்ச் 9, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு: பிணத்திடம் பெயர் கேட்டுவிட்டேன்.

டைரியில் அந்த வரியை எழுதிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் நிறுத்தினாள். 'சிறு' என்பது சரிதானா? அடித்தாள். மறுபடியும் எழுதினாள். மாலை வகுப்பில் சட்டம் படிப்பவள். டைரியில்கூடப் பொய் சாட்சி சொல்லப் பயம்.

நடந்தது இதுதான்.

மத்தியானம். ஸ்டேஷன் போன் அலறியது.

"மேடம்... ஒருத்தர் எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

"தட்டி எழுப்புங்க!"

"தொடக் கூடாதுன்னு விதி மேடம்... இப்பதான் தொட்டோம். சில்லுனு இருக்கார்!"

மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை. நீள மேஜை. மூன்று பேர் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். நாலாவது ஆள் மேஜையில் தலை கவிழ்ந்திருந்தார். அழுகிறார் போலிருக்கிறது என்று அவர் தோளைத் தட்டித்தான் அவள் பெயர் கேட்டாள்.

மறுபடியும் தட்டிக் கேட்டாள்.

"மேடம்... அவர்தான் அவர்," என்றான் நெட்டையன் ஒருவன்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன நடந்தது?"

"நான் பாதி கொன்னேன் மேடம். கோடாலியால."

"உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே!"

"நான் வெட்டினது மந்திரவாதியை. இவர் மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கார்."

"நீங்க யாரு?"

"குள்ளன்."

ஆறடியைத் தாண்டிய குள்ளனை அவள் அண்ணாந்து பார்த்தாள். பஸ் டிரைவராம். பக்கத்தில் நின்ற பேங்க் கேஷியர் அம்மாள், ராணி. மருந்துக் கடை முதலாளி, கதைசொல்லி.

ஞாயிறுதோறும் கூடி, வாயாலேயே ஆடும் கற்பனை ஆட்டம். கதைசொல்லி கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வெட்டு விழுமா, அம்பு தைக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

"கதையில செத்தவங்க தலையைக் கவிழ்த்துக்கணும் மேடம்," என்றார் கதைசொல்லி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஆட்டம் முடியிற வரைக்கும் யாரும் அவங்களைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. இவரும் கவிழ்ந்தார். நாங்க ஆடிக்கிட்டே இருந்தோம்."

"எவ்வளவு நேரம்?"

"டிராகன் சாகிற வரைக்கும்."

"நல்லா நடிக்கிறார்னு நான் கை தட்டினேன்," என்றாள் ராணி.

யாரும் அழவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கும் எதுவும் தோன்றவில்லை.

போலீஸ் டாக்டர் இறந்தவரின் பிளாஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தார். டீயின் அடியில் வெள்ளையாக மாவு.

"லேப்ல சொல்லட்டும். ஆனா இது தூக்க மாத்திரைதான். ஒரு ஆளுக்கு இல்லம்மா... ஒரு தெருவுக்கே போதும்."

"உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?"

"பிழைச்சிருப்பார்."

இன்ஸ்பெக்டர் போனிலேயே கேஸை முடித்துவிட்டார்.

"மருந்துக் கடைக்காரன்... செத்தவன் வயித்துல மாத்திரை! வேற என்னம்மா வேணும், வெத்தலை பாக்கா? சாயந்திரத்துக்குள்ள அவனை உள்ளே தள்ளு!"

கதைசொல்லி தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிளாஸ்க் அவர் வீட்லேருந்து கொண்டு வர்றது மேடம். நான் தொட்டதே இல்ல. நீங்க நம்ப மாட்டீங்க. உங்க இடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன்."

தப்பான ஆளுக்கு விலங்கு மாட்டப் போகிறோமோ? அவள் தயங்கினாள்...

தடதடவென்று படியேறி வந்தார் இறந்தவரின் தம்பி. அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பவர். இந்த ஆட்டத்தைத் தடை செய்யச் சொல்லி ஸ்டேஷனுக்கு மனு மேல் மனு கொடுத்தவர்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே மேடம்! பேய், பிசாசு, வெட்டு, குத்துன்னு ஒரு விளையாட்டா? மூளையே கெட்டுப் போகும்னு சொன்னேனே! கேட்டீங்களா?" கதைசொல்லியின் சட்டையைப் பிடித்தார். "ஏன்யா, அம்பு தச்சு விழுந்த மனுஷனை அப்படியே போட்டுட்டு ஆடியிருக்கியே! நீ எல்லாம் சோறுதான் திங்கிறியா?"

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

அம்பா?

போனில் அவரிடம் 'அண்ணன் இறந்துட்டார்' என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. மந்திரவாதி செத்ததில் அவளுக்கே இதுவரை தெரிந்தது கோடாலி மட்டும்தான்!

"குள்ளன் சார்... நீங்க பாதி கொன்னீங்க. மீதி யாரு?"

"வில்லாளி மேடம். தவறத் தவற அம்பு விட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில பகடை விழுந்துடுச்சு."

"எங்கே அவன்?"

"நாங்க பார்த்ததே இல்ல. போன்ல மெசேஜ் அனுப்புவான், கதைசொல்லி படிச்சுக் காட்டுவார்."

"கதைசொல்லி சார், கையை மடக்குங்க. வில்லாளிக்கு ஒரு மெசேஜ் போடுங்க."

"என்னன்னு?"

"டிராகனோட புதையல்ல அவன் பங்கு தயாரா இருக்குன்னு."

டிங்!

தம்பியின் சட்டைப் பைக்குள் வெளிச்சம் அடித்தது.

தம்பி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"புகார் எழுதணும்னா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணுமே மேடம்... அதுக்குத்தான் சேர்ந்தேன். அண்ணனுக்குக்கூடத் தெரியாது."

"அப்புறம்?"

"கதைக்குள்ள ஒரு கோட்டை கட்டினேன். கல்லு கல்லா. போன ஞாயிறு அண்ணன் அதை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துட்டான். வீட்டுக்கு வந்து என்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறான்... எவனோ வில்லாளியாம், ஏமாந்த சோணகிரியாம்!"

"அதுக்குக் கதையிலயே கொன்னுட்டுப் போறதுதானே?"

"பகடையை எப்படி மேடம் நம்புறது? அதான் பிளாஸ்க். அம்பு, யாரும் அவனைத் தொடாம இருக்க."

"தம்பி... அது வெறும் விளையாட்டுப்பா!" என்றாள் ராணி.

"உங்களுக்கு!" என்றார் தம்பி.

கதைசொல்லியின் கைகள் மறுபடியும் விலங்குக்காக நீண்டிருந்தன. சப்-இன்ஸ்பெக்டர்தான் அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

டைரியில் அவள் கடைசியாக எழுதியது:

நாளை காலை: ரிமாண்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும். கொலைக்குக் காரணம், கோட்டைத் தகராறு. கோட்டையின் சர்வே நம்பரைக் கதைசொல்லியிடம் கேட்டு வாங்க வேண்டும்.