சலம் சொன்ன சாட்சி

"யதுசன்!"

டிலக்சனாவின் அலறலில் விடத்தல்தீவுக் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

மூன்று நாள் காணாமற்போன போட்டை நாலாம் நாள் காலையில் வேறு மீனவர்கள் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். உள்ளே இரண்டு பேர். யதுசன் கிடந்தான்... பிணம் போல! அவனுடைய தொழில் கூட்டாளி பெனடிக்ற் போட்டின் முன்பக்க அணியத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றான்.

டிலக்சனா நின்றவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி ஓடிப் போய், கிடந்தவனின் தலையை மடியில் தூக்கி வைத்தாள்.

பெனடிக்ற் இறங்காமல் இருவரையும் முறைத்தான்.

'நான் செத்துக் கிடந்தாலும் இவள் இவனிட்டத்தான் ஓடியிருப்பாள்!'

அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பித் தகரக் கொட்டில் போட்ட நாள் முதல் அவளையே நினைத்துக்கொண்டிருப்பவன் அவன். ஆனால் ஒரு மாதமாக அவள் குசுகுசுப்பது யதுசனோடு... சிரிப்பது யதுசனோடு...

போகட்டும். இனி அவன் தப்பமாட்டான்!

ஆஸ்பத்திரியில் பெனடிக்ற்றின் முன்னால் பொலிஸ் சார்ஜன் சரிபுதீன் கொப்பியைத் திறந்தார்.

"என்ன நடந்தது?"

"எஞ்சின் நிண்டிட்டுது ஐயா. முதல் நாளே தண்ணிக் கானும் கடலுக்க விழுந்திட்டுது. மூண்டு நாள்... ஒரு சொட்டுத் தண்ணி இல்லை!"

"ரெண்டு பேருக்கும்?"

"ஓம் ஐயா. அவனுக்குத் தாங்கேலாமப் போச்சு. நான் மடு மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தனான்..."

குரல் தழுதழுத்தது. நன்றாகவே நடித்தான்!

அப்போது டொக்டர் றிம்ஷா உள்ளே வந்தார். மேசையில் இரண்டு சின்னப் போத்தல்களை வைத்தார்.

"ரெண்டு பேரிட்டயும் எடுத்த சலம், மூத்திரம். வந்த உடனே, சேலைன் ஏத்த முந்தி எடுத்தது."

ஒன்றில் வெறுந்தேத்தண்ணி நிறத்தில், அடியில் கொஞ்சம். மற்றதில் கழுத்துவரை... கிணற்றுத் தண்ணீர் போல!

"தெளிவா இருக்கிறது உங்கட, பெனடிக்ற்."

"அ... அதுக்கென்ன டொக்டர்?"

"உடம்பில தண்ணி குறைஞ்சா மூளை கிட்னிக்குச் சொல்லும், 'விடாதை, பிடி' எண்டு. கிட்னி ஏலுமான தண்ணியை எல்லாம் திருப்பி ரத்தத்துக்க இழுத்திடும். மிச்சம்தான் இப்பிடிக் கறுத்து, சொட்டுச் சொட்டா வரும். யதுசன்ட கிட்னி அவரைக் காப்பாத்தப் போராடியிருக்கு."

"என்ர...?"

"உங்கட கிட்னி தண்ணியை வெளியில ஊத்தியிருக்கு. வேண்டிய அளவு இருந்தாத்தான் அது அப்பிடிச் செய்யும். இழுத்து வந்தவை தந்த ரெண்டு மிடறால இது வராது. இண்டைக்குக் காலமையும் குடிச்சிருக்கிறியள்!"

பெனடிக்ற்றின் நெற்றியில் வியர்வை அரும்பியது. சரிபுதீன் எழுதுவதை நிறுத்தினார்.

"கடல்தண்ணி! தாகம் தாங்கேலாமக் கடல்தண்ணி குடிச்சனான்!"

"அந்த உப்பை வெளியேத்த, குடிச்சதைவிடக் கூடத் தண்ணி வேணும் கிட்னிக்கு. அதை உங்கட உடம்பிலயிருந்துதான் எடுக்கும். கடல்தண்ணி குடிச்சிருந்தா யதுசனுக்கு முந்தி நீங்கள் விழுந்திருப்பியள்!"

"ஐசே, கான் எங்க?" என்றார் சரிபுதீன்.

பெனடிக்ற் வெடித்தான்.

"வலைக்குக் கீழ ஒளிச்சனான்! அவன் கண்ணயரேக்க குடிச்சனான்! எங்களை இழுக்க போட் வாறது தெரிஞ்ச உடன கடலுக்க எறிஞ்சனான்! டிலக்சனாவை அவன் பறிக்க, நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"பெனடிக்ற் அண்ணை..."

வாசலில் டிலக்சனா!

'அண்ணை'யாம்! அந்தச் சொல்லே அவனைக் குத்தியது.

"யதுசன் கண் முழிச்சிட்டான். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தனான். நீங்கள் என்ன கதைக்கிறியள்?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசமா..."

"எனக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தி ஒரு மாசம்! எனக்கு இங்கிலீசு தெரியாது. விசா ஃபோம் நிரப்பித் தந்தது யதுசன். கண்ணூறு படும், விசா வருமட்டும் ஆருக்கும் சொல்லாதை எண்டு அம்மா சொன்னவ. முந்தநாள் விசா வந்திட்டுது."

"அப்ப கரையில... அவனிட்ட ஏன் ஓடினனீ?"

"நிண்ட ஆளையோ தூக்கிறது, விழுந்த ஆளையோ?"

பெனடிக்ற் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது... நாலு நாளில் முதல் தடவையாக!

சரிபுதீன் கைவிலங்கை எடுத்தார்.

"வாரும் ஐசே. அவவுக்குக் கனடா விசா, உமக்கு மறியற்சாலை விசா. உம்மட ஃபோமை நானே நிரப்பிறன்!"