லைனருக்குக் கீழே ஈரம்

மூன்றாவது முறை துடைத்தும் அந்த இடம் காயவில்லை. பழைய பங்களாவின் பின்புறத்து நீச்சல் குளம் அது. நேற்றே தண்ணீரை இறைத்தாயிற்று. முப்பது வருடமாக உள்ளே ஒட்டிக்கிடந்த நீலப் பிளாஸ்டிக் லைனரை இன்று காலை உரித்தாயிற்று. ஆழமான மூலையில், வெறும் சிமெண்டுத் தரையில் மட்டும், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஈரம். சரத் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெயிலே படாத மூலை. ஆனாலும் கதகதவென்றிருந்தது. நோட்டை எடுத்தான். ‘மாலை 4.10. ஈரம். சூடு. என் கைச்சூடாகவும் இருக்கலாம்.’

“டேய் ரைட்டரு, லைனர் மாத்தச் சொன்னா குளத்தப் பத்திக் கட்டுரை எழுதுறியா?” மேலே நின்ற அன்வர் கேட்டார். காலையில் கத்தி பட்ட கட்டைவிரலில் கறுப்பு டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்.

“இங்க இன்னும் காயலண்ணே.”

“சிங்கப்பூர்ல எதுடா காஞ்சிருக்கு? ஈசூன் குளத்துலயும் இப்படித்தான், விரிசல்னு வேலைய நிறுத்தின. கடைசியில பாத்தா நீயே போட்ட பென்சில் கோடு. இன்னொரு தடவ நிறுத்தினா பாஸ் உன்ன ஊருக்கு அனுப்பிடுவாரு லா. நானும் எத்தனை தடவதான் உனக்காகப் பேசுறது?”

சரத் நோட்டை மூடினான். வேலை போனால் சிராங்கூன் சாலைப் பக்கத்து மாடியில் நடக்கும் மாலைத் தொழிற்பயிற்சி வகுப்பும் போய்விடும். அதில் சேர்த்துவிட்டதே கம்பெனிதான். இடுப்பு வலித்தது. வாதாடத் தெம்பில்லை.

இருவரும் வெறுங்காலோடு தரையைக் கூட்டினார்கள். ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் லைனரில் கொப்புளமாகத் தெரியும். பிறகு புது லைனரைச் சுற்றிலும் விளிம்பில் மாட்டி, அதன் பின்னால் குழாயைச் செருகி, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விட்டார்கள். அதன் ஓயாத இரைச்சலில் மைனாக்களின் கூச்சல் அமுங்கிப்போக, புதுப் பிளாஸ்டிக்கின் நெடி தொண்டையைக் கரிக்க, தொளதொளவென்று தொங்கிய நீலம் சுவரோடும் தரையோடும் தோல் போல மெல்ல மெல்ல ஒட்டியது. சுருக்கங்களை நீவிவிட அன்வர் காலுறையோடு உள்ளே இறங்கினார். சரத் இயந்திரத்தின் அருகில் நின்றான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அன்வர் ஆழத்தை நோக்கி நடந்தார். அவர் காலை எடுத்த இடத்தில் லைனர் புடைத்தது.

ஒரு குதிகால். ஐந்து விரல்கள்.

அடுத்த அடி. மறுபடியும் ஐந்து. தரைக்கு அடியில் யாரோ தலைகீழாக, அவர் பாதத்தோடு பாதம் வைத்து நடப்பதைப் போல.

கூப்பிட வாயெடுத்தான். பென்சில் கோடு ஞாபகம் வந்தது. நிழலாக இருக்கலாம். தூக்கமில்லாத கண்ணாக இருக்கலாம். முதலில் குறித்துக்கொள்வோம். ‘6.50. கால் தடம். கீழிருந்து மேலே—’

நிமிர்ந்தான்.

ஆழமான மூலையில் இரண்டு காலுறைகள் கிடந்தன. அடுத்தடுத்து. நடந்த வாக்கிலேயே.

“அண்ணே?”

குளத்தில் யாருமில்லை. ஏணிப் பக்கம் யாருமில்லை. லைனரில் ஒரு கிழிசல்கூட இல்லை.

காலுறைகளுக்கு அப்பால் நீலம் புடைத்திருந்தது. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு. தோள். முழங்கால். விரித்த கை. அதில் கட்டைவிரல் மட்டும் தடிமனாக.

அது அசைந்தது.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான். இரைச்சல் நின்றது. இனி லைனர் தளர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அன்வர் சொல்லிக்கொடுத்தது அது. மிஷின் நின்னா தளரும்.

தளரவில்லை. இன்னும் இறுகியது. நகங்கள் தெரியும்வரை இறுகியது.

அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை புடைத்து எழுந்தது. அதன் விரல்கள், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, தடித்த கட்டைவிரலின் மேல் மடிந்தன.